உறைபனிக் காலத்தில் நீலகிரி டீ: எப்போது போவது, எப்படிக் கேட்பது, எதை வாங்குவது

நீலகிரிக்குக் கூட்டம் ஏறுவது கோடையில். டீக்காகவே மலையேறுகிறவர் போக வேண்டியது டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள். குளிர் ஒரு காரணம். விரல் விறைத்திருக்கும்போது கைக்கு வரும் கிளாஸுக்கு ஈடு கிடையாது. இலை இன்னொரு காரணம். குளிரில் கொழுந்து மெதுவாகத்தான் வளரும், மகசூல் குறையும், ஆனால் மணம் செறிந்திருக்கும். மழைக்காலத்தில் மளமளவென்று வளர்ந்த இலையில் அந்த மணம் இருக்காது.

இந்தச் சூடும் மணமும் ஒரே கிளாஸில் கிடைக்காது. பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் ஆத்தித் தருவது டஸ்ட் தூளில் போட்ட பால் டீ. பனிக்காலத்தில் பறித்த கொழுந்தை நசுக்காமல் உருட்டிப் பதப்படுத்திய முழு இலைத் தேயிலை வேறு பொருள். பால் டீயைக் காலை ஏழு மணிக்கு நின்றபடி குடிக்க வேண்டும். இலை டீயை மதியத்துக்கு மேல் உட்கார்ந்து, பாலில்லாமல் குடிக்க வேண்டும். டீக்கடையில் மணத்தைத் தேடினாலும் ஏமாற்றம், எஸ்டேட் டீயறையில் பால் ஊற்றிக் குடித்தாலும் ஏமாற்றம். இரண்டுக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்குங்கள்.

நாளும் ஊரும்

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் பாதி வரைகூட நீளும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக் கிழக்குச் சரிவுகளில் அது நன்றாகவே பெய்யும். மண் சரிந்து மலை ரயில் நின்றுபோவதும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். அதனால் நவம்பரில் அறை போட்டுவிட்டு உறைபனியை எதிர்பார்க்காதீர்கள்.

மலையில் முதலில் விழுவது நீர்ப்பனி. அது புல்லை நனைக்கும், அவ்வளவுதான். பிறகுதான் உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். புல்மேல் வெள்ளை பூக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து இலைகூட அசையாமல் இருந்தால், மறுநாள் விடியலில் காந்தள், தலைக்குந்தா, அவலாஞ்சி மாதிரியான தாழ்ந்த இடங்களில் உறைபனிக்கு நல்ல வாய்ப்பு. மேகம் மூடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஜனவரியில் சூரியன் உதிக்க 6.45 ஆகிவிடும். வெயில் நேராக விழுந்த சிறிது நேரத்தில் பனி கரைந்துவிடும். வெள்ளையாக இருக்கும் புல்லை ஓரத்தில் நின்று பாருங்கள், இறங்கி மிதிக்காதீர்கள். உறைந்த புல் மிதிபட்ட இடத்தில் கருகிவிடும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,850 மீட்டரில். பனிக்கும் காலை டீக்கும் ஊட்டி, தேயிலைத் தோட்டத்துக்கும் மதிய டீக்கும் குன்னூர் அல்லது கோத்தகிரி என்று பிரித்துக்கொண்டால் அலைச்சல் குறைவு. ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே சுமார் 18 கிலோமீட்டர்தான். பேருந்து அடிக்கடி உண்டு.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வருவது நல்ல பயணம்தான். ஆனால் காலை 7.10க்குக் கிளம்பும் அந்த ரயில் ஊட்டி சேர நண்பகலாகிவிடும். உறைபனிக் காலை வேண்டுமென்றால் முந்தின இரவே ஊட்டியில் தங்க வேண்டும். வெளியூர் வண்டியில் வருகிறவர்கள், நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் பதிவு செய்து பெறும் இ-பாஸ் பற்றிக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் அந்த நடைமுறை இருக்கிறது. சோதனைச் சாவடியில் நின்று போனில் பதிவு செய்ய முயன்று, சிக்னல் கிடைக்காமல் ஒரு மணி நேரத்தை இழக்கிறவர்கள் உண்டு.

உடையில் இரண்டு விஷயம்தான். காது மூடும் கம்பளித் தொப்பி, விரல் நுனி திறந்த கையுறை. முழுக் கையுறையில் கண்ணாடி கிளாஸ் வழுக்கும். ஒரே தடித்த கோட்டை விட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும், அப்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

கடையைக் கண்டுபிடிப்பது

பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள், பட்டறையைப் பாருங்கள். டீப் பட்டறையில் கவனிக்க வேண்டியவை பாயிலர், பால் சட்டி, டிகாஷன் வடிகட்டும் துணிப் பை, கிளாஸ் கழுவும் தண்ணீர்.

முதலில் துணிப் பை. தூளைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி டிகாஷன் இறக்கிய சில நிமிடங்களுக்குள் டீ நன்றாக இருக்கும். அதே பை அதே டிகாஷனில் அரைமணி நேரம் ஊறிக்கொண்டே கிடந்தால் துவர்ப்பும் கசப்பும் ஏறும். அந்தக் கசப்பை மறைக்கத்தான் சில கடைகளில் சக்கரையை அள்ளிப் போடுகிறார்கள். புது டிகாஷன் பாலில் கலந்தால் செம்மண் நிறம் வரும். பழசு சாம்பல் கலந்த பழுப்பாக, மங்கலாக இருக்கும். பக்கத்தில் குடிப்பவரின் கிளாஸைப் பார்த்தாலே போதும். கூட்டமுள்ள கடையில் தூள் அடிக்கடி மாறும் என்பதால், ஓய்ந்து கிடக்கும் கடையை விட ஓட்டுநர்களும் மார்க்கெட் சுமைதூக்குபவர்களும் நிற்கும் கடை பெரும்பாலும் ஏமாற்றாது.

பால் சட்டியில் ஆடை தடித்து மிதந்தால் அந்தப் பால் வெகுநேரமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். டீயில் காய்ந்த பால் வாடை வரும். கிளாஸ் கழுவும் தண்ணீர் ஆவி பறக்க இருந்தால் இரட்டை நன்மை. சுத்தம் ஒன்று. மற்றொன்றைத்தான் பலரும் கவனிப்பதில்லை: கிளாஸ் சூடாக இருக்கும்.

ஊட்டி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும் என்ற கணக்கில், 2,240 மீட்டரில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாயிலரிலேயே ஏழெட்டு டிகிரி குறைவு. ஆத்தும்போது இன்னும் இறங்கும். பிறகு ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த கனமான கண்ணாடி கிளாஸில் விழுந்தால், அது தன் பங்குக்குச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு வாய் குடிப்பதற்குள் டீ வெதுவெதுப்பாகிவிட்டது என்று மாஸ்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. கிளாஸைச் சுடுதண்ணீரில் அலசித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் குளிர்கால டீயையே மாற்றிவிடும்.

கேட்கும் விதம்

“அண்ணா, கிளாஸைச் சுடுதண்ணில அலசிட்டு ஒரு டீ. ஸ்ட்ராங்கா, சக்கரை கம்மி, ரொம்ப ஆத்த வேண்டாம்.” இவ்வளவு சொன்னால் போதும். கல்லாவில் அக்கா இருந்தால் அவரிடம் காசைக் கொடுத்துவிட்டு, டீ எப்படி வேண்டும் என்பதை மாஸ்டரிடம் நேராகச் சொல்லுங்கள். கல்லாவில் சொன்னது பட்டறைக்குப் போவதற்குள் பாதி உதிர்ந்துவிடும்.

ஆத்த வேண்டாம் என்பதற்குக் காரணம் சூடு. சமவெளியில் ஓர் ஆள் உயரத்துக்கு ஆத்தினால் நுரையும் வரும், குடிக்கும் பதமும் வரும். உறைபனிக் காலையில் அதே ஆத்தல் டீயைக் கொன்றுவிடும். ஆனால் ஆத்தாவிட்டால் சக்கரை அடியில் தங்கும். ஸ்பூன் கேட்டு வாங்கிக் கலக்குங்கள், இல்லையென்றால் முதல் பாதி துவர்க்கும், கடைசி வாய் பாகாக இருக்கும். ஸ்ட்ராங் என்றால் டிகாஷன் அதிகம், பால் குறைவு. லைட் என்றால் தலைகீழ். டபுள் ஸ்ட்ராங் வெறும் வயிற்றுக்கு வேண்டாம், நெஞ்சு கரிக்கும்.

இஞ்சி டீ கேட்பதென்றால் இஞ்சியைக் கேட்டவுடன் தட்டிப் போடுகிறார்களா என்று பாருங்கள். காலையிலேயே தட்டிப் பாலில் போட்டு வைத்த இஞ்சிக்குக் காரம் மட்டும் மிஞ்சும், மணம் போயிருக்கும். வீட்டில் போடும்போதும் பச்சைப் பாலில் இஞ்சியைச் சேர்க்காதீர்கள். பால் பொங்கிய பிறகு போட்டால் திரியாது. சாயங்காலம் ஆறுக்கு மேல் டீ குடித்தால் தூக்கம் வராது என்பவர்களுக்குச் சுக்குக் காப்பி இருக்கிறது.

கிளாஸை விளிம்பிலும் அடியிலும் விரல் வைத்துப் பிடியுங்கள். விறைத்த விரலுக்குச் சூடு தாமதமாகத்தான் தெரியும். முழுக் கையால் கவ்விப் பிடித்துக் குளிர்காய்கிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். முதல் வாயை உறிஞ்சிக் குடிக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். காற்றோடு சேர்ந்து உள்ளே போகும்போதுதான் மணம் மூக்குக்கு ஏறும். தேயிலை ருசி பார்ப்பதைத் தொழிலாகச் செய்கிறவர்களும் சத்தம் போட்டு உறிஞ்சித்தான் குடிக்கிறார்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். பாயிலருக்கு எதிர்ப்பக்கம், கிழக்கு வெயில் விழும் சுவரோரம் கிடைத்தால் அதுவே முதல் வகுப்பு. அவசரப்பட்டு ஒரு பெரிய டீ வாங்காமல், பதினைந்து இருபது நிமிட இடைவெளியில் இரண்டு சின்ன டீ வாங்குங்கள். இரண்டும் சூடாக இருக்கும். ஒரே கடைக்கு ஒரே நேரத்தில், ஒரே வார்த்தையைச் சொல்லி மூன்று காலை போனால், நான்காம் நாள் நீங்கள் வாய் திறக்கும் முன்பே சக்கரை கம்மியாக வந்துவிடும். அது பிறகு உங்கள் கடை.

பார்சல் கப் கேட்காதீர்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் தமிழ்நாடு முழுக்க 2019 முதல் தடை. நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு அதற்கும் முந்தையது, தண்ணீர் பாட்டில் வரைக்கும் கெடுபிடி உண்டு. அறைக்கு எடுத்துப் போக எவர்சில்வர் பிளாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே வர்க்கி

டீக்குத் துணை ஊட்டி வர்க்கி. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மைதா, சக்கரை, உப்பு, நெய் அல்லது வனஸ்பதி, கூடவே புளிக்கவைத்த தாய்மாவு. அதை அடுக்கடுக்காக மடித்து விறகு அடுப்பில் சுடுவார்கள். நல்ல வர்க்கியைப் பிய்த்தால் ஏடு ஏடாகப் பிரிந்து உதிரும். உள்ளே மாவாகக் கெட்டித்திருந்தால் வேகவில்லை. மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டினால் கொழுப்பு மட்டம்.

வர்க்கிக்கு எதிரி ஈரக் காற்று. மூடுபனி இறங்கும் நாளில் திறந்த தட்டில் வைத்த வர்க்கி கொஞ்ச நேரத்திலேயே நமத்துப்போகும். கண்ணாடிப் பாட்டிலிலோ தகர டப்பாவிலோ மூடிவைத்த கடையில் வாங்குங்கள். டீயில் முக்கினால் மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும்; அதற்கு மேல் போனால் பாதி கிளாஸின் அடியில் கிடக்கும். முதல் வர்க்கியை முக்காமல் கடித்து, டீயைப் பிறகு குடித்துப் பாருங்கள், இரண்டின் ருசியும் தனித்தனியாகத் தெரியும். ஊருக்கு வாங்கிப் போவதென்றால் புறப்படும் நாளில், அன்று சுட்டதா என்று கேட்டு வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். நமத்தால் வீட்டில் தோசைக்கல்லில் சின்னத் தீயில் ஒரு நிமிடம் புரட்டினால் ஓரளவு மீளும்.

மிளகாய் பஜ்ஜி, போண்டா எல்லாம் குளிருக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் காரமும் நாக்கில் படிந்தால் மதிய டீயின் மணம் பிடிபடாது.

மதியம்: பனிக்காலத்து இலை

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து உட்காருங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். இரத்தசோகை உள்ளவர்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

எஸ்டேட் டீயறையிலோ தேயிலைக் கடையிலோ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “எந்த மாதம் பறிச்ச இலை?” டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று பதில் வந்தால் சரி. ‘ஃப்ராஸ்ட் டீ’, ‘விண்டர் டீ’ என்று உறையில் அச்சடித்திருப்பது மட்டும் போதாது. பறித்த மாதமும் பொட்டலமிட்ட தேதியும் வேண்டும். இன்னொரு விஷயம், உறைபனியே நேராக இலைக்கு நல்லது செய்வதில்லை. பனி விழுந்த இலைமேல் வெயில் பட்டால் கொழுந்து கருகிவிடும். அது விவசாயிக்குப் பெரிய நட்டம். மணம் தருவது பனிக்குத் தப்பிய இலை, குளிரில் மெல்ல வளர்ந்த கொழுந்து.

டிசம்பர் இறுதியில் ஜனவரி இலை இன்னும் கடைக்கு வந்திருக்காது. அப்போது கிடைப்பது போன குளிர்காலத்துச் சரக்காக இருக்கலாம். புதுச் சரக்கு வேண்டுமானால் ஜனவரி கடைசியிலிருந்து போவது நல்லது.

இலையைக் கொட்டிப் பாருங்கள். பனிக்கால இலையை நன்றாக வாடவைத்துத்தான் உருட்டுகிறார்கள். அதனால் முழுக் கறுப்பாக இல்லாமல் பச்சையும் பழுப்பும் கலந்திருக்கும். பழைய சரக்கோ என்று பயப்பட வேண்டாம். ‘ஆரஞ்சு பெக்கோ’ என்று எழுதியிருப்பது இலையின் தரத்தைக் குறிக்கும் பெயர். ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

போடும் அளவு: 200 மில்லி தண்ணீருக்கு 2.5 கிராம் இலை. முழு இலை இடம் அடைக்கும் என்பதால் டீஸ்பூன் கணக்கு ஏமாற்றும். ஒரு டீஸ்பூன் டஸ்ட் கொடுக்கும் எடைக்கு இலை இரண்டு டீஸ்பூன்கூடப் பிடிக்கும். பீங்கான் கெட்டிலையும் கோப்பையையும் முதலில் சுடுதண்ணீரால் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். ஊட்டி, குன்னூரில் கொதித்த தண்ணீரைக் காத்திருக்காமல் உடனே ஊற்றலாம், அதுவே 92 முதல் 94 டிகிரிதான். மூடி வைத்து மூன்று நிமிடம். வடிகட்டி முழுவதையும் ஊற்றிவிடுங்கள். இலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுக் கதை பேசினால் இரண்டாம் கோப்பை கசக்கும். அதே இலைக்கு நான்கு நிமிடத்தில் இன்னொரு முறையும் போடலாம்.

பாலும் சக்கரையும் இல்லாமல் முதல் கோப்பை. நிறம் வெளிர் பொன்னாக இருக்கும். தண்ணியாக இருக்கிறதே என்று டஸ்ட் டீ பழகிய கண் சொல்லும். நிறத்தை விட்டு, கெட்டிலில் மிஞ்சிய ஈர இலையை முகர்ந்து பாருங்கள். பூ மணம் அங்கேதான் தூக்கலாக இருக்கும். கோப்பை கொஞ்சம் ஆறியபின் இனிப்பு வெளியே வரும், அதனால் இந்த டீயை மட்டும் காலை டீ போலக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வேண்டாம்.

நேரம் இருந்தால் தொட்டபெட்டா சாலையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அரைமணி நேரம் போதும். வாடவைப்பது முதல் உலர்த்துவது வரை பார்த்தபின், ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை போகிறது என்பது கண்ணில் நிற்கும்.

வாங்கிச் செல்ல

பால் டீக்குத் தூள் வேண்டுமென்றால் இண்ட்கோசர்வ், டேன்டீ இரண்டையும் பாருங்கள். இண்ட்கோசர்வ் நீலகிரியின் சிறு விவசாயிகள் நடத்தும் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் இணையம். டேன்டீயின் தோட்டங்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கியவை. 1976இல் அரசுக் கழகமாயின. பச்சை இலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு நீலகிரி விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். எந்தப் பொட்டலத்தை எடுப்பது என்று யோசிக்கும்போது இதையும் நினைத்துப் பாருங்கள்.

சாலையோரத்தில் பெயரில்லாத பையில் மலிவாகக் கிடைக்கும் தூளுக்கு ஒரு சோதனை உண்டு. வெள்ளை வடிதாளிலோ உறிஞ்சு தாளிலோ ஒரு சிட்டிகை தூவி, சில சொட்டுப் பச்சைத் தண்ணீர் தெளித்துச் சிறிது நேரம் கழித்துத் தட்டிவிடுங்கள். சாயம் ஏற்றிய தூள் தாளில் அடர்ந்த கறையாகப் பரவும். நல்ல தூள் லேசான தடம்தான் விடும்.

பிளாஸ்கில் டீ எடுத்துப் போவதானால் முதலில் அதில் சுடுதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். பால் டீ இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, வாடை மாறும். பாலில்லாத கட்டன் டீயை மட்டும் ஊற்றிக்கொண்டால் மதியம் வரை நன்றாக இருக்கும்.

அறைக்குத் திரும்பியதும் குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ அணையாத நெருப்புத் தணலையோ உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; தூக்கத்திலேயே உயிர் போகும். கூடுதல் கம்பளி கேளுங்கள், தருவார்கள்.

சமவெளிக்கு வந்தபின் அதே பனிக்கால இலை கசக்கிறது என்றால் காரணம் இரண்டு. சென்னையிலும் மதுரையிலும் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கிறது. அடுப்பை அணைத்து ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள், ஊறும் நேரத்தையும் அரை நிமிடம் குறையுங்கள். அடுத்து, ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீர். மேலே எண்ணெய் போல ஏடு கட்டி டீ மங்கிவிடும். சுத்திகரித்த மென்மையான நீரில் போட்டால் மலையில் குடித்ததற்கு நெருங்கி வரும். பொட்டலத்தைப் பிரித்தபின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பெருங்காயமும் ஏலக்காயும் ஒரே வாரத்தில் இலைக்குள் போய்விடும். ஒளி புகாத டப்பாவில் போட்டு, 100 கிராமுக்கு மேல் வாங்காமல், ஈரக் காற்றுள்ள மாதங்கள் வருமுன் குடித்து முடித்துவிடுங்கள்.